லாபோன்டேனும் யார்க் வோட்டர்களும்

தேர்தல் காலம் வந்துவிட்டால் அபேட்சகர் இதுவரை என்ன செய்தார், இனி என்ன செய்வார் என்று கேட்போர் சிலர். அவர் யார், எந்த ஜாதி, வீட்டில் எந்தப் பாஷை பேசுகிறவர் என்று கேட்போரே பலர். இரண்டு பாஷைகள் கலந்து வழங்கும் எல்லைப்புறத் தாலூகாக்களில் இந்த இரண்டாவது கேள்வி மற்றெல்லாக் கேள்விகளையும் விழுங்கிவிடும். அப்பக்கங்களில் வோட்டுச் சேகரிக்கச் சென்ற நண்பர்கள், கொள்கை விளக்கப் பிரசுரங்களைக் கட்டவிழ்க்காமலே திருப்பிக் கொண்டுவந்து, அங்கே பாஷைக் கணக்கு ஒன்றே செல்லுபடியாகிறது என்று நம்மிடம் சலித்துக்கொண்டதுண்டு. சலிப்பு நியாயமானதே. ஆயினும் அக்கணக்கு பொய்த்துப்போன ஒரு தேர்தலும் சரித்திரத்தில் உண்டு. 1841-ம் வருஷத்தில் கானடா தேசத்தில், கத்தோலிக்க மதத்தினரான ஒரு பிரெஞ்சு வக்கீல், தம் சொந்த ஜனங்கள் நிறைந்த தொகுதியில் தடிகளாலும் கத்திகளாலும் தடுக்கப்பட்டு வீடு திரும்பினார். ஆறு மாதங்கள் சென்றதும், அவருடைய பாஷையை அறியாத, அவருடைய மதத்தை ஏற்காத ஆங்கிலக் குடியானவர்கள் அவரைத் தங்கள் பிரதிநிதியாகத் தேர்ந்து சட்டசபைக்கு அனுப்பினார்கள். அவர் பெயர் லூயி இப்போலித் லாபோன்டேன். அவருடைய ஜீவிய சரித்திரத்தை நமது வாசகர்களுக்கு இன்று சொல்ல விரும்புகிறோம்.

மான்ட்ரீல் நகரத்திற்கு எதிர்க்கரையில் ஸெயின்ட் லாரன்ஸ் நதியோரத்தில் உள்ள பூஷர்வில் என்ற ஊரில் 1807-ம் வருஷம் அக்டோபர் 4-ந் தேதி லாபோன்டேன் பிறந்தார். தகப்பனார் தச்சுத் தொழிலாளி. பாட்டனார் ஒரு காலத்தில் சட்டசபை அங்கத்தினராக இருந்தவர். சிறு பிராயத்திலேயே தகப்பனாரை இழந்த லாபோன்டேன் மான்ட்ரீல் கலாசாலையில் படித்தார்; படிப்பை முடிக்காமலே ஒரு வக்கீலின் ஆபீஸில் குமாஸ்தாவாக அமர்ந்து சட்டம் கற்று, 1828-ல் வக்கீலானார். பருத்த சரீரம், கம்பீரமான முகம், அதிகம் பேசாத சுபாவம். முகச்சாயல் நெப்போலியனுடையதைப் போல் இருந்ததாகக் கண்டவர்கள் எல்லாம் சொல்வார்கள். தலைமயிரை அதற்கேற்பச் சீவிக்கொள்ளும் சிறு பலவீனமும் அவருக்கு இருந்தது. 1830-ல், 23-ம் வயதில், டெர்போன் என்ற தொகுதியிலிருந்து கீழ் கானடாவின் சட்டசபைக்குத் தெரிந்தெடுக்கப்பட்டார்.

அக்காலத்தில் கானடா இரண்டு மாகாணங்களாகப் பிரிந்திருந்தது. நதியின் கீழ்ப்போக்கில் இருந்தது கீழ் கானடா. அங்கே பெரும்பாலோர் பிரெஞ்சுக்காரர். மேற்போக்கில் ஏரிகளையடுத்து இருந்தது மேல் கானடா. அங்கே ஆங்கிலம் பேசுவோர். இரண்டிலும் ஜனங்கள் தெரிந்தெடுத்த சபை ஒன்று உண்டு; இரண்டிலும் அதிகாரம் அச்சபையினிடம் இல்லை. லண்டனிலிருந்து வரும் கவர்னரும், அவரைச் சூழ்ந்து நின்ற சில குடும்பங்களுமே உத்தியோகங்களையும் நிலங்களையும் வரிப்பணத்தையும் ஆண்டு வந்தனர். கீழ் கானடாவில் இதை எதிர்த்தவர்களுக்குத் தலைவர் பாப்பினோ. இளைஞரான லாபோன்டேன் அவருடைய சீடர். 1837-ல் கிளர்ச்சி ஆயுதப் போராட்டமாக மாறியபோதோ சீடர் குருவைப் பின்பற்றவில்லை. சட்டசபையை உடனே கூட்டி ஜனங்களைச் சமாதானப்படுத்தும்படி கவர்னரை வேண்டினார், அது பலிக்கவில்லை. லண்டனுக்கும் பாரிஸுக்கும் சென்று 1838-ல் திரும்பினார். அவ்வருஷம் நவம்பரில் இரண்டாவது கலகம் மூண்டதும் அவரையும் பிடித்து மான்ட்ரீல் சிறையில் அடைத்தார்கள். விசாரணை நடக்கவில்லை, சாட்சியமும் இல்லை, டிசம்பரில் விடுதலை செய்தார்கள். ஊரில் எஞ்சியிருந்த தலைவர்கள் விரல் விட்டு எண்ணத்தக்கவர்களே. சிலர் தூக்கிலிடப்பட்டனர், சிலர் கப்பலேற்றி நாடு கடத்தப்பட்டனர், பாப்பினோ பிரான்ஸில் அடைக்கலம் புகுந்திருந்தார். முப்பத்தொரு வயது வக்கீல் ஒருவர்மீது ஒரு சமூகத்தின் பாரம் முழுவதும் விழுந்தது.

கலகத்தின் காரணத்தை ஆராய வந்தவர் டர்ஹாம் பிரபு. அவருடைய 1839-ம் வருஷத்து அறிக்கை குடியேற்ற நாடுகளின் சரித்திரத்தில் பிரசித்தமானது. ஜனசபைக்குப் பொறுப்புள்ள மந்திரிகள் வேண்டும் என்று அதில் அவர் சொன்னார். அந்த வாசகத்தை எடுத்துக் காட்டாத தேசீயவாதி நமது நாட்டிலும் ஒரு காலத்தில் அபூர்வம். அதே அறிக்கையில் அவர் சொன்ன மற்றொரு யோசனையை நம்மவர் அவ்வளவாகக் கவனித்ததில்லை. பிரெஞ்சுக்காரர்களுக்கு இலக்கியமும் இல்லை, சரித்திரமும் இல்லை என்றும், இரண்டு மாகாணங்களையும் ஒன்றாக்கி, ஆங்கிலேயரின் தொகை மிகும்படி செய்து, காலப்போக்கில் அவர்களை ஆங்கிலேயராகவே மாற்றிவிட வேண்டும் என்றும் அவர் கருதினார். லண்டன் பார்லிமெண்டு முதல் யோசனையைத் தள்ளி இரண்டாவதை எடுத்துக்கொண்டது. 1840-ல் இயற்றி 1841 பிப்ரவரியில் அமுலுக்கு வந்த ஐக்கியச் சட்டம், ஏறக்குறைய 6,50,000 ஜனங்கள் உள்ள கீழ் கானடாவுக்கு 42 ஸ்தானங்களும், 4,50,000 பேருள்ள மேல் கானடாவுக்கு அதே 42 ஸ்தானங்களும் அளித்தது. மேல் கானடாவின் பெருங்கடன் பொதுக் கடனாயிற்று. சட்டசபையின் எழுத்து நடவடிக்கைகளுக்கு ஆங்கிலம் ஒன்றே பாஷை என்று அதன் 41-வது பிரிவு விதித்தது. தோற்றவனுடைய நிலத்தைப் பறிப்பதோடு நாக்கையும் அறுப்பது என்பது இதுதான்.

இந்நிலையில் பிரெஞ்சுக்காரர் என்ன செய்வது? க்வெபெக் நகரத்தவர், ஜான் நீல்ஸன் என்ற முதிய ஸ்காட்லாந்துக்காரப் பத்திராதிபரின் தலைமையில், ஐக்கியச் சட்டம் அடியோடு ரத்தாக வேண்டும், அதற்குக் குறைந்த எதையும் ஏற்பதில்லை என்றனர். தன்மானமுள்ள எவருக்கும் இது இயல்பாகத் தோன்றும் வழி. 1920-க்குப் பின் நமது நாட்டில் சட்டசபைப் பிரவேசம் பற்றி எழுந்த விவாதத்தை அறிந்தவர்கள், இரு கட்சியாரின் மனோநிலையையும் எளிதில் உணர்வார்கள். லாபோன்டேன் சட்டத்தை அநீதி என்று வெளிப்படையாகக் கண்டித்தார். ஆனால் வெளியே நின்று சபிப்பதால் அநீதி செய்தவனுக்கே லாபம் என்று கண்டார். 84 பேர் கொண்ட சபையில் பிரெஞ்சுக்காரர் தனியே எந்நாளும் சிறுபான்மையினர். மேல் கானடாவிலோ கவர்னரின் யதேச்சாதிகாரத்தை வெறுத்த ஆங்கிலச் சீர்திருத்தக் கட்சியினர் இருந்தார்கள். அவர்களும் தனியே சிறுபான்மையினர். இரண்டு சிறுபான்மைகளைக் கூட்டினால்?

இந்தக் கூட்டல் கணக்கை முதலில் எழுதிக் காட்டியவர் ஒரு பத்திராதிபர் என்பதைச் சொல்லிக்கொள்வதில் நமக்கு ஒரு சிறு திருப்தி. டொரான்டோவில் 'எக்ஸாமினர்' என்ற பத்திரிகையை நடத்திய பிரான்ஸிஸ் ஹிங்க்ஸ் என்ற ஐரிஷ்காரர், 1839 ஏப்ரல் முதல் லாபோன்டேனுக்குக் கடிதங்கள் எழுதத் தொடங்கினார். ஒருவரையொருவர் பாராமலே இருவரும் மாதக்கணக்காகக் கடிதம் மூலம் அரசியல் பேசினர். ஹிங்க்ஸின் நண்பரும் அண்டைவீட்டாருமான ராபர்ட் பால்ட்வின் என்ற வக்கீல், மந்திரிகள் ஜனசபைக்கே பொறுப்பாளிகளாக வேண்டும் என்ற ஒரே கொள்கையை ஜபம்போல் பற்றி நின்றவர். லாபோன்டேன் 1840 ஆகஸ்டில் டெர்போன் வோட்டர்களுக்கு விடுத்த அறிக்கை இக்கடிதங்களின் பயன். இரு மாகாணங்களின் சீர்திருத்தக்காரருக்கும் நன்மை ஒன்றே, பொறுப்பாட்சி கிடைத்தால் ஐக்கியச் சட்டத்தின் விஷத்தை அதைக்கொண்டே இறக்கலாம் என்பது அதன் சாரம்.

கவர்னர்-ஜெனரல் ஸிடன்ஹாம் பிரபு இந்த அறிக்கையின் அபாயத்தை உணர்ந்தார். 1841 மார்ச்சில் நடந்த தேர்தலை அவர் நடத்திய விதம், எந்தச் சர்க்காரும் வெட்கப்பட வேண்டியதாகும். மான்ட்ரீல், க்வெபெக் நகரத் தொகுதிகளின் எல்லைகளைக் குறுக்கி, பிரெஞ்சுக்காரர் மிகுந்த புறப்பேட்டைகளை வெளியே தள்ளினார். டெர்போனில் செய்தது இன்னும் கூர்மையானது. அதை விளங்கிக்கொள்ள அக்காலத்து வோட்டு முறையை அறிய வேண்டும். இரகசிய வோட்டு அப்போது இல்லை. வோட்டர் ஒரு மேடைக்கு வந்து, எல்லோரும் கேட்கத் தம் பெயரையும் தாம் யாருக்கு வோட்டளிக்கிறார் என்பதையும் சொல்ல வேண்டும், குமாஸ்தா எழுதிக்கொள்வார். ஒரு தொகுதி முழுவதற்கும் மேடை ஒன்றே. வோட்டுப் பதிவு பல நாள் நடக்கலாம்; ஆனால் ஒரு மணி நேரம் எவரும் வோட்டுச் சொல்ல வராவிட்டால் முடித்துவிடவும் கூடும். ஆகையால் மேடையைச் சுற்றி யாருடைய ஆட்கள் நிற்கிறார்களோ அவருக்கே வெற்றி. ஸிடன்ஹாம் டெர்போன் தொகுதியின் மேடையை, தொகுதியின் ஒரு மூலையில் பிரிட்டிஷ் குடியேற்றக்காரர் வாழ்ந்த நியூ கிளாஸ்கோ என்ற சிற்றூரில் போடச் செய்தார். பிரெஞ்சுக் குடியானவர்கள் வெகு தூரம் நடந்து வர வேண்டும். வந்தால் எதிரியின் கோட்டைக்குள்ளே புக வேண்டும்.

வந்தார்கள். நூற்றுக்கணக்கான பேர் தங்கள் தலைவருடன் வந்தார்கள். அவர்களுக்கு முன்பே எதிர் அபேட்சகரான டாக்டர் மெக்கல்லக்கின் ஆட்கள், வெளியூர்களிலிருந்து தருவிக்கப்பட்டவர்களும் சேர்ந்து, தடி, கத்தி, துப்பாக்கிகளுடன் மேடைக்குப் போகும் வழியை அடைத்து நின்றனர். சர்க்கார் போலீஸாரோ பட்டாளத்தாரோ கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. லாபோன்டேனுடைய ஆட்களிடமும் தடிகள் இருந்தன, ஆத்திரமும் இருந்தது, தொகையும் போதுமானதாய் இருந்தது. அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பனி மூடிய அந்த வெளியில் ரத்தம் ஓடியிருக்கும். அவ்வார்த்தையை அவர் சொல்லவில்லை. தேர்தலிலிருந்து விலகுவதாக அறிவித்துவிட்டுத் தம் ஜனங்களை வீட்டுக்குத் திருப்பிக்கொண்டு போனார்.

இதைக் கோழைத்தனம் என்றவர்கள் அப்போதே உண்டு. நாம் அப்படிக் கருதவில்லை. நான்கு வருஷங்களுக்குமுன் எரிந்த கிராமங்களின் சாம்பல் அந்த ஜனங்களின் மனத்தில் இன்னும் ஆறவில்லை. ஒரு கலவரம் நடந்திருந்தால் பிரெஞ்சுக்காரர் சட்டசபைக்கே தகுதியற்ற கலகக்காரர் என்று ஸிடன்ஹாம் லண்டனுக்கு எழுத ஒரு சாக்குக் கிடைத்திருக்கும். அவர் வேண்டியதும் அதுவே. அடிதடிக்கு அஞ்சாதவர்களைக் கட்டுப்படுத்தித் திரும்ப அழைத்துப் போவதற்கு அடிதடி செய்வதைவிட அதிகத் துணிச்சல் வேண்டும் என்பது, கூட்டங்களை நடத்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஆனால் தலைவருக்கு ஸ்தானம் இல்லை. புதிய சபை ஜூன் மாதம் கிங்ஸ்டன் நகரில் கூடியபோது லாபோன்டேன் மான்ட்ரீலில் தம் ஆபீஸில் இருந்தார். பால்ட்வின் மேல் கானடாவில் ஹேஸ்டிங்ஸ், யார்க் நான்காவது தொகுதி என்ற இரண்டு இடங்களிலும் ஜெயித்திருந்தார். ஹேஸ்டிங்ஸை வைத்துக்கொண்டு யார்க்கை விட்டார். காலியான அந்த ஸ்தானத்திற்கு லாபோன்டேனை நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. பால்ட்வினுடைய தகப்பனாரும் இதற்கு முழு மனத்துடன் இசைந்தார்.

யார்க் நான்காவது தொகுதி டொரான்டோ நகரத்திற்கு வடக்கே உள்ள நாட்டுப்புறம். அங்குள்ள குடியானவர்களுக்கு ஒரு பிரெஞ்சுக்காரனைக் கண்டால் என்ன தோன்றியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அவன் பாஷை அன்னியம், அவன் மதம் போப்பின் மதம், சிறைக்குப் போனவன், அவனுடைய ஜனங்களோடு தங்கள் முன்னோர் யுத்தம் செய்திருக்கிறார்கள். போப்பின் மதத்தாரைப் பகைப்பதையே விரதமாகக் கொண்ட ஆரஞ்சு சங்கங்கள் அம்மாகாணத்தில் ஊர்தோறும் இருந்தன. எதிர்க்கட்சியார் வேறு எந்தக் கொள்கையையும் சொல்ல வேண்டியதில்லை. அபேட்சகரின் பெயரைப் பிரெஞ்சு உச்சரிப்போடு சொன்னாலே போதும்.

இத்தகைய இடத்தில் பால்ட்வின் கட்சியார் எதைக் கொண்டு வோட்டுக் கேட்டார்கள்? பிரெஞ்சுக்காரரும் நாமும் சகோதரர் என்ற உபதேசம் மட்டும் போதாது. அத்தொகுதி ஜனங்களுக்கும் ஒரு புண் இருந்தது. 1837 டிசம்பரில் மேல் கானடாவிலும் ஒரு கலகம் நடந்தது. அதில் சேர்ந்து டொரான்டோவை நோக்கிப் புறப்பட்டவர்களில் பலர் இந்த வடபுறத்துக் கிராமத்தார். அப்பக்கத்துக் கொல்லரும் முன்னாள் சட்டசபை அங்கத்தினருமான ஸாமுவேல் லௌன்ட் 1838 ஏப்ரலில் டொரான்டோவில் தூக்கிலிடப்பட்டார். சிறைக்குப் போனவர் என்று லாபோன்டேனைக் காட்டி எதிரிகள் சொன்னபோது, சிறைக்கு ஆள் அனுப்பாத குடும்பங்கள் அவ்வூர்களில் எத்தனை? டெர்போனில் அவருடைய வோட்டர்களைத் தடியால் விரட்டிய அதே ஸிடன்ஹாமே தங்கள் தலையிலும் ஏறி உட்கார்ந்திருக்கிறார் என்பதை விளக்கிச் சொல்ல நேரம் அதிகம் ஆகவில்லை.

இவ்விஷயத்தில் மிகவும் உதவி செய்தவர்கள் ஷாரன் என்ற கிராமத்தில் வாழ்ந்த ஒரு சிறு மதப்பிரிவினர். குவேக்கர் கூட்டத்திலிருந்து பிரிந்த டேவிட் வில்ஸன் என்பவர் அதன் ஸ்தாபகர். தங்களைச் சமாதானத்தின் மக்கள் என்று அழைத்துக்கொண்டனர். தங்கள் கையால் ஒரு வெண்ணிற மரக்கோயிலை 1825-ல் தொடங்கி 1832-ல் கட்டி முடித்திருந்தார்கள். சங்கீதத்தில் மிகுந்த பற்று. சொந்தமாக ஒரு வாத்தியக் கோஷ்டியும் வைத்திருந்தனர். தங்களுக்குள் கடன் உதவி நிதியும் கூட்டு விற்பனையும் நடத்திய இவர்கள், ஒற்றுமையாக வோட்டளிப்பதிலும் தேர்ந்தவர்கள். கிழவரான வில்ஸன் லாபோன்டேனுக்காகத் தம் செல்வாக்கு முழுவதையும் செலவிட்டார். 1841 செப்டம்பரில் நடந்த உபதேர்தலில் லாபோன்டேன் ஜெயித்தார். மேல் கானடாவின் நடுவில், ஒரு பிரெஞ்சு வீடுகூட எளிதில் காணக் கிடைக்காத தொகுதியின் பிரதிநிதியானார். ஸிடன்ஹாம் பிரபு அம்மாதமே குதிரையிலிருந்து விழுந்த காயத்தால் மாண்டார்.

அடுத்த வருஷம் செப்டம்பரில் லாபோன்டேன் கிங்ஸ்டன் சபையில் எழுந்து பிரெஞ்சில் பேசத் தொடங்கினார். ஆங்கிலத்தில் பேசும்படி ஒருவர் குறுக்கிட்டுக் கேட்டார். ஆங்கிலம் தமக்கு நன்றாகவே வந்தாலும், தம் பாஷையைச் சட்டத்தால் அழிக்க முயன்ற சபையில் தம் முதற்பேச்சு அந்தப் பாஷையிலேயே இருக்கும் என்று அவர் பதில் கூறினார். இதைப் பலர் புகழ்ந்து எழுதியிருக்கிறார்கள். அப்போது அவர் நின்று பேசியது ஆங்கிலத் தொகுதியின் பிரதிநிதியாக என்பதை எழுதியவர்கள் அநேகமாக மறந்துவிடுகிறார்கள். தம்மை அனுப்பியவர்களுக்குப் புரியாத பாஷையில், அவர்கள் சார்பில், அவர் பேசினார். யார்க் வோட்டர்கள் அதற்காக அவரைக் கைவிடவில்லை.

புதிய கவர்னர்-ஜெனரலான ஸர் சார்ல்ஸ் பாகட் கண்ணுள்ள மனிதர். பிரெஞ்சுக்காரரை ஒதுக்கிவைத்துச் சபையை நடத்த முடியாது என்று கண்டு லாபோன்டேனை மந்திரி பதவிக்கு அழைத்தார். பால்ட்வின் இல்லாமல் வருவதில்லை என்று லாபோன்டேன் சொல்லிவிட்டார். 1842 செப்டம்பரில் இருவரும் சேர்ந்தே பதவி ஏற்றனர். அக்கால வழக்கப்படி மந்திரியானவர் மீண்டும் தம் தொகுதியில் நின்று ஜெயிக்க வேண்டும். யார்க் லாபோன்டேனை மறுபடியும் அனுப்பியது. பால்ட்வினுக்கோ ஹேஸ்டிங்ஸில் தோல்வி. அங்கும் தடி வேலை செய்தது. பிரெஞ்சுத் தொகுதிகள் பல தங்களிடம் வரும்படி அவரை அழைத்தன. கடைசியில் க்வெபெக்குக்கு அப்பால் ஸெயின்ட் லாரன்ஸ் நதியின் தென்கரையில் உள்ள ரிமூஸ்கி தொகுதிப் பிரதிநிதி தம் ஸ்தானத்தை ராஜிநாமா செய்து இடம் கொடுத்தார். 1843 ஜனவரியில், பிரெஞ்சு பேசத் தெரியாத புராடஸ்டண்டு ஆங்கிலேயரான பால்ட்வின், கத்தோலிக்க பிரெஞ்சுக் குடியானவர்களின் பிரதிநிதியானார். வாங்கிய கடன் பதினாறு மாதத்தில் திரும்பிவிட்டது. தமக்குப் பிரெஞ்சு வராத குறை தம் குழந்தைகளுக்கு வேண்டாம் என்று பால்ட்வின் அவர்களைப் படிக்க க்வெபெக்குக்கு அனுப்பினார்.

அந்த மந்திரிசபை ஒரு வருஷத்துக்குச் சிறிது மேல் நின்றது. டெர்போன், ஹேஸ்டிங்ஸ் அனுபவங்களுக்குப் பின் தேர்தல் சட்டத்தைத் திருத்தாமல் இருப்பார்களா? ஒவ்வொரு கிராமப் பகுதிக்கும் தனி மேடை, பதிவுக்குக் குறைந்த நாட்கள், ஆயுதங்களுக்கும் கட்சிக் கொடிகளுக்கும் தடை என்று விதித்த சட்டம் 1842-ன் வேலை. பிறகு வந்த கவர்னர்-ஜெனரல் நமக்குத் தெரிந்தவர்: ஸர் சார்ல்ஸ் மெட்காப். 1835-ல் இந்தியாவில் தற்காலிகக் கவர்னர்-ஜெனரலாக இருந்து பத்திரிகைகள்மேல் இருந்த லைசென்ஸ் தளையை நீக்கியவர் அவரே. பத்திரிகை நடத்துகிறவர்களாகிய நாம் அவர் பெயரை நன்றியின்றிச் சொல்ல முடியாது. அதே மெட்காப் கானடாவில், உத்தியோக நியமனங்களில் மந்திரிகளின் யோசனையைக் கேட்கக் கட்டுப்பட்டவரல்ல என்று சாதித்தார். பேச்சுச் சுதந்திரம் தருவது வேறு, அதிகாரத்தைத் தருவது வேறு என்று அவர் கருதினார் போலும். 1843 நவம்பரில் மந்திரிகள் ராஜிநாமா செய்தனர். 1844 தேர்தலில் மெட்காப் கட்சி சொற்ப மெஜாரிட்டியில் ஜெயித்தது. லாபோன்டேன் இம்முறை டெர்போனிலேயே வென்றார்; அவர் விட்ட யார்க் நான்காவது தொகுதியில் பால்ட்வின் நின்று ஜெயித்தார்.

அவர்களுடைய சிநேகத்திற்கு உண்மையான சோதனை 1845-ல் வந்தது. பால்ட்வினை விட்டுவிட்டுப் பிரெஞ்சுக் கட்சியினர் மட்டும் மந்திரிசபையில் சேரலாம், அந்தந்தப் பகுதியை அந்தந்தப் பகுதியின் மெஜாரிட்டி ஆளட்டும் என்று எதிர்த்தரப்பார் தூது விட்டனர். கேட்பதற்கு நியாயம்போல் இருந்த பேச்சு. பதவிக்காகக் காத்திருந்த பிரெஞ்சு நண்பர்கள் சிலருக்கு நாவூறியது. லாபோன்டேன் மறுத்தார். தம் ஜனங்களுக்குத் தாம் சொன்னது பொறுப்பாட்சி என்ற கொள்கையை. பாஷைக்கொரு பங்கு என்பதை அன்று. பங்கை வாங்கிக்கொண்டால் கொள்கை போய்விடும், யார்க் ஜனங்கள் ஏமாந்தவர்களாவார்கள் என்பதே அவர் கணக்கு. அதன் விலை மேலும் இரண்டரை வருஷம் எதிர்க்கட்சி ஆசனம்.

1847 முடிவிலும் 1848 தொடக்கத்திலும் நடந்த தேர்தலில் இரு பகுதிகளிலும் சீர்திருத்தக் கட்சி வென்றது. மார்ச்சில் எல்ஜின் பிரபு லாபோன்டேனை அழைத்து மந்திரிசபை அமைக்கச் சொன்னார். எல்ஜின், டர்ஹாமின் மருமகன். மாமனாரின் முதல் யோசனையை நிறைவேற்றி இரண்டாவதைப் புதைத்தவர். 41-வது பிரிவை லண்டன் பார்லிமெண்டு 1848-ல் ரத்து செய்தது. 1849 ஜனவரி 18-ந் தேதி சபையைத் திறந்து வைத்த எல்ஜின், தம் பிரசங்கத்தை ஆங்கிலத்தில் படித்துவிட்டுப் பிரெஞ்சிலும் படித்தார்.

அவ்வருஷமே விலையும் கொடுக்க வேண்டியதாயிற்று. 1837-38 கலகத்தில் சொத்தை இழந்த கீழ் கானடா ஜனங்களுக்கு நஷ்டஈடு அளிக்கும் மசோதாவை லாபோன்டேன் கொண்டுவந்தார். மேல் கானடாவாருக்கு அத்தகைய ஈடு முன்னமே கொடுக்கப்பட்டிருந்தது. ஆயினும் மான்ட்ரீலின் ஆங்கிலப் பிரமுகர்கள் கலகக்காரனுக்குக் கூலியா என்று கொதித்தார்கள். ஏப்ரல் 25-ந் தேதி எல்ஜின் சம்மதமளித்த அன்றிரவே ஜனக்கூட்டம் பார்லிமெண்டு கட்டடத்தைத் தீயிட்டு, 20,000-க்கு மேற்பட்ட புத்தகங்களுடன் எரித்தது. மறுநாள் லாபோன்டேனுடைய வீட்டைச் சூறையாடினார்கள். ஆகஸ்டில் மறுபடியும் இரவில் வீட்டைத் தாக்க வந்தபோது உள்ளேயிருந்தவர்கள் சுட்டதில் ஒருவர் இறந்தார். நியூ கிளாஸ்கோவில் ரத்தம் சிந்தாமல் திரும்பியவரின் வாசலில் இப்படி நேர்ந்தது. ராஜபக்தியைத் தங்கள் தனிச் சொத்தாகப் பாராட்டிய அந்த ஆங்கில வியாபாரிகளில் பலர், அவ்வருஷம் அக்டோபரில், கானடாவை அமெரிக்க ஐக்கிய நாடுகளுடன் சேர்த்துவிட வேண்டும் என்று கையெழுத்திட்டு அறிக்கை விட்டனர்!

லாபோன்டேனைக் குறையற்றவர் என்று நாம் சொல்ல வரவில்லை. கட்சிக்காரர்களுக்கு உத்தியோகங்களைப் பங்கிடுவதை அவர் அரசியல் தந்திரமாகவே நடத்தினார். பிரான்ஸிலிருந்து திரும்பிவந்த பாப்பினோ அதைக் கடுமையாகத் தாக்கியது முழுவதும் பொறாமை அன்று. பெண்கள் வோட்டளிக்கக் கூடாது என்று வெளிப்படையாக எழுதிய சட்டம் 1849-ல் அவருடைய மந்திரிசபையின் காலத்தில்தான் இயற்றப்பட்டது. அதற்குமுன் சொத்துள்ள ஸ்திரீகள் சிலர் கீழ் கானடாவில் வோட்டளித்ததுண்டு. ஜமீன் முறை போன்ற நில முறையை ஒழிக்கும் விஷயத்திலும் அவர் காலைத் தயங்கித் தயங்கியே வைத்தார். பிடிவாதமும் கர்வமும் வயதோடு வளர்ந்தன. வாதநோய் அவற்றை அதிகமாக்கியது.

1851-ல் பால்ட்வின், தம் பகுதி அங்கத்தினரில் பெரும்பாலோர் தமக்கு எதிராக வோட்டளித்ததைக் காரணமாகச் சொல்லி விலகினார். லாபோன்டேனும் அவ்வருஷமே அரசியலை விட்டார். அப்போது அவருக்கு வயது 44. வருஷக் கடைசியில் பால்ட்வின் யார்க்கில் மறுபடியும் நின்றார். புதிய தீவிரக் கட்சியைச் சேர்ந்த ஒரு இளைஞர் அவரைத் தோற்கடித்தார். வோட்டர்கள் யாருக்கும் அடிமைச் சீட்டு எழுதிக் கொடுத்தவர்கள் அல்லர்.

லாபோன்டேன் 1853-ல் கீழ் கானடாவின் பிரதம நீதிபதியானார். மறு வருஷம் பாரனெட் பட்டம் பெற்றார். முதல் மனைவி அடேல் 1859-ல் காலமானார். 1861-ல் மறுவிவாகம் செய்துகொண்டார். பால்ட்வின் 1858-லேயே இறந்திருந்தார். வைஸ்ராயாக நம் நாட்டுக்கு வந்த எல்ஜின் 1863 நவம்பரில் இமயமலைச் சாரலில் தர்மசாலாவில் மாண்டார். மூன்று மாதங்கள் கழித்து 1864 பிப்ரவரி 26-ந் தேதி மான்ட்ரீலில் லாபோன்டேனும் காலமானார். ஒட்டாவா நகரத்துப் பார்லிமெண்டு மேட்டில் அவருக்கும் பால்ட்வினுக்கும் 1914-ல் ஒரே சிலையாக, இருவரும் பேசிக்கொண்டிருக்கும் பாவனையில் செய்து வைத்திருக்கிறார்கள். ஷாரன் கிராமத்தில் வில்ஸனுடைய ஜனங்கள் கட்டிய வெண்ணிற மரக்கோயில் இன்றும் இருக்கிறது. அவர்களுடைய கூட்டம் கலைந்துபோய் நூறு வருஷங்களுக்குமேல் ஆகிறது.